ராத்திரி அலாரமும் கல்யாணப் பேச்சும்: அரிய வளர்சிதை மாற்றக் குறைபாடு – வாசகர் கேள்வி பதில்

உண்ட உணவை உடைக்கவும் உடலுக்கு வேண்டியதைத் தயாரிக்கவும் உதவும் நொதிகளில் (என்சைம்களில்) ஒன்று பிறவியிலேயே இல்லாமலோ குறைந்தோ போவதால் வரும் அரிய நோய்களைப் பற்றி, கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் இவை. மருந்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட, மனசைப் பற்றியும் ஊர்வாயைப் பற்றியும் கேட்டவர்களே அதிகம். வளர்சிதை மாற்ற மருத்துவர், உணவியலாளர், மனநல ஆலோசகர் மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

பையனுக்கு நாலு வயசுங்க. கிளைகோஜன் சேமிப்பு நோய், ஒன்று-ஏ வகைன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பத்து மணி, ஒன்றரை, அஞ்சு மணின்னு மூணு தடவை சோள மாவு கரைச்சுக் கொடுக்கணும். வீட்டுக்காரருக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில நைட் ஷிஃப்ட். அலாரம் கேக்காமப் போயிருமோன்னு கண்ணு மூட முடியறதில்லைங்க. "தூங்கற குழந்தைய எழுப்பி மாவை ஊத்தறா, அதான் வயிறு உப்பிக் கிடக்குது"ன்னு மாமியார் அக்கம்பக்கத்துல சொல்றாங்க. சில ராத்திரி பையன் மேலயே கோவம் வருது. நான் கெட்ட அம்மாவாங்க?
– வாசகி, கோபிசெட்டிப்பாளையம்

இல்லை. வருடக் கணக்கில் துண்டு துண்டாகத் தூங்கும் யாருக்கும் அந்தக் கோபம் வரும். அது குழந்தை மேல் உள்ள கோபமல்ல. தூக்கம் கிடைக்க வழி செய்தால் பெரும்பாலும் தானே தணியும். அதனால் தூக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

பத்து மணி மாவை மாமியாரோ வேறு பெரியவரோ கொடுக்கட்டும். நீங்கள் எட்டரைக்கே படுத்துவிடுங்கள். ஒன்றரை வரை ஐந்து மணி நேரம் தொடர்ந்து கிடைக்கும். பிறகு இரண்டு முதல் ஐந்து வரை மூன்று மணி நேரம். மொத்தம் எட்டு. மூன்று வேளையையும் ஒருவரே சுமந்தால் இந்தக் கணக்கு எந்நாளும் வராது. வாரத்தில் ஒரு ராத்திரி முழுவதையும் கணவரோ உங்கள் அம்மாவோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ராத்திரி நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அதே அறையில் படுத்தால் காது விழித்தேதான் இருக்கும்.

அலாரம் பற்றிய பயம் வீண் பயமல்ல. இந்த நோயில் கல்லீரலால் சேமித்த சர்க்கரையை வெளியே விட முடியாது, ராத்திரியில் மாவுதான் தாங்குகிறது. ஒரு வேளை மாவு தவறினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி வலிப்பு வரலாம். "பயப்படாதே" என்று சொல்வதில் பயனில்லை. பயத்தை ஏற்பாடாக மாற்றிவிட வேண்டும். போனில் ஒரு அலாரம், அதோடு பேட்டரியில் ஓடும் தனிக் கடிகாரம் ஒன்று. இரண்டாவது பத்து நிமிடம் கழித்து அடிக்கட்டும். அதைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டும். ஒன்றே முக்காலுக்குக் கம்பெனியிலிருந்து கணவர் கூப்பிட வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அழைப்பு போக வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வசதிப்பட்டால், தோலில் ஒட்டும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை கருவியின் மேல் அழுந்திப் படுத்தால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்போது விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம், அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயிறு பெரிதாக இருப்பது மாவினால் அல்ல. கல்லீரல் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் குளுக்கோஸாக வெளியே விட முடியாமல் வீங்கிக் கிடக்கிறது. அதை மருமகள் சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் ஏறும். கூடவே அவருக்குக் கையில் ஒரு பொறுப்பும் கொடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான மாவை எடை போட்டு டப்பாக்களில் நிரப்புவது. பொறுப்பு வந்த பிறகு புறம் பேசுவது குறைவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

எடை போடும்போது கரண்டியை நம்பாதீர்கள். குமித்து அள்ளினால் ஒரு அளவு, வழித்து அள்ளினால் வேறு அளவு. ஒரு கிராம் துல்லியமுள்ள சிறு தராசு வாங்கிவிடுங்கள். சின்னக் குழந்தைக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 1.6 கிராம் என்பார்கள். 14 கிலோ பையனுக்கு ஏறக்குறைய 22 கிராம் வரும். உங்கள் பையனுக்கு மருத்துவர் எழுதிய அளவே கணக்கு. கடையில் 'கார்ன் ஃப்ளோர்' என்று விற்கும் வெள்ளை மாவுதான் வேண்டும். மில்லில் அரைத்த மஞ்சள் மக்காச்சோள மாவும் கஸ்டர்ட் பவுடரும் ஆகாது. ஒரு கிராமுக்கு 2 முதல் 3 மில்லி சூடில்லாத தண்ணீர் விட்டுக் கலக்கி, அடியில் படியும் முன் கொடுத்துவிடுங்கள். சுடுதண்ணீரிலோ சூடான பாலிலோ கலந்தால் மாவு வெந்து சீக்கிரமே செரித்துவிடும். நாலு மணி நேரம் தாங்க வேண்டியது பாதியிலேயே தீர்ந்துபோகும். எலுமிச்சைச் சாறும் சேர்க்கக் கூடாது. ஒரு வேளை முன்கூட்டிக் கொடுத்தால் தவறில்லை, பிந்தக் கூடாது. பிந்திவிட்டதே என்று இரட்டிப்பு அளவும் கொடுக்கக் கூடாது.

"சர்க்கரை குறையுதாமே" என்று கேள்விப்பட்டு உறவினர்கள் நாட்டுச்சர்க்கரையும் மிட்டாயும் நீட்டுவார்கள். அதில் பாதி ஃபிரக்டோஸ். இந்த நோயில் அது ரத்தத்தில் குளுக்கோஸாக வந்து சேராது, லாக்டிக் அமிலத்தைத்தான் ஏற்றும். அவசரத்துக்கு வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்கட்டும். பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான், அதனால் சர்க்கரை சரியாகத்தான் இருக்கும் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த லாக்டிக் அமிலத்தை (லாக்டேட்டை) மூளை எரிபொருளாக்கிக்கொள்வதால், மிகக் குறைந்த அளவிலும் இவர்கள் தெளிவாகவே தோன்றலாம். வாந்தியில் மாவு வயிற்றில் தங்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல், மருத்துவர் முன்பே எழுதித் தந்த அவசரக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தக் குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

தூக்கம் சரியான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். செத்துவிடலாமா என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ ஒரே ஒரு முறை எண்ணம் வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மகள் பத்தாவது படிக்கிறா. பிறந்த மாசத்துலயே பினைல்கீட்டோன்யூரியான்னு கண்டுபிடிச்சு, இத்தனை வருசம் ஒழுங்கா வளர்த்தோம். இப்ப ஆறு மாசமா, புரதத்துக்குப் பதிலாக் கொடுக்கற ஃபார்முலாவைக் குடிக்காம சிங்க்கில ஊத்திடறா. கேட்டாக் கத்தறா. கணக்குல மார்க் விழுந்துருச்சு. சிநேகிதி வீட்டுல அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டான்னு தெரிஞ்சுது. இது திமிருங்களா, வயசுக் கோளாறுங்களா, நோயோட வேலைங்களா?
– வாசகர், பல்லடம்

ரத்தம் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. திட்டுவதற்கு முன் பரிசோதனை. இந்த வரிசை மட்டும் மாறவே கூடாது.

புரத உணவில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை இந்த நோயில் உடலால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் வாரக் கணக்கில் உயர்ந்தே இருந்தால், மற்ற அமினோ அமிலங்கள் மூளைக்குள் போகும் வழியை அது அடைத்துக்கொள்கிறது. டோபமைன் தயாரிக்க வேண்டிய டைரோசின் குறைகிறது. கவனம் சிதறும், திட்டமிட்டுப் படிக்க வராது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், காரணமில்லாத பதற்றம் இருக்கும். கணக்கில் மார்க் விழுந்ததற்கும் கத்தலுக்கும் இதுவே பெரும்பங்கு காரணமாக இருக்கலாம். அவளிடம் "நீ மாறிட்டே" என்று சொல்வதும், "உன் அளவு ஏறியிருக்கலாம், பார்த்துரலாமா கண்ணு" என்று கேட்பதும் ஒன்றல்ல.

காலையில் எழுந்ததும், எதுவும் குடிக்கும் முன், விரலில் குத்தி வடிதாளில் ரத்தம் எடுங்கள். ஒரு வட்டம் முழுவதும் ஒரே சொட்டில் நனைய வேண்டும், மேலே மேலே சொட்டு வைத்தால் அளவு தப்பாக வரும். மூன்று நான்கு மணி நேரம் நிழலில் படுக்கையாக உலர்த்திய பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினாலோ வெயிலில் காயவைத்தாலோ மாதிரி வீண். பன்னிரண்டு வயது வரை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. அதற்கு மேல் ஐரோப்பிய வழிகாட்டுதல் 600 வரை விடுகிறது. அமெரிக்கர்கள் ஆயுளுக்கும் 360 என்கிறார்கள். டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால் 60-ஆல் பெருக்குங்கள்.

ஃபார்முலாவை நிறுத்தியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வரும், அதைப் பலர் கவனிப்பதில்லை. பால், முட்டை, கறி எதுவுமே சாப்பிடாத பிள்ளைக்கு பி12 வைட்டமின் வருவதே அந்த ஃபார்முலாவில்தான். அதையும் ஊற்றிவிட்டால் சில மாதங்களில் சோர்வு, மறதி, கை கால் மரமரப்பு, மனச்சோர்வு எல்லாம் வரலாம். பி12 அளவையும் கூடவே பாருங்கள்.

அளவு இறங்கியும் அவள் ஒதுங்கியே இருந்தால், அது நோயின் வேலை அல்ல, அவளுடைய துக்கம். பதினைந்து வயதில் எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்கும்போது தனி டப்பா திறப்பது லேசான காரியமல்ல. அந்தத் துக்கத்துக்கு ஃபார்முலா மருந்தாகாது. பெற்றோர் இல்லாமல், தனியாக ஒரு ஆலோசகரிடம் பேச வழி செய்யுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: நோய்க் கணக்கை அவள் கைக்கு மாற்றுங்கள். அவளே குத்தட்டும், அவளே எழுதட்டும், ரிப்போர்ட்டை முதலில் அவளே பார்க்கட்டும். உங்களுக்கு நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி. ஃபார்முலாவின் வாடைதான் பெரிய எதிரி. நன்றாகக் குளிரவைத்து, மூடியுள்ள பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் பாதி வாடை தெரியாது. ஒரே வேளையில் மொத்தமும் குடித்தால் அமினோ அமிலம் ஒரேயடியாக ஏறி வீணாகும். மூன்றாகப் பிரித்துச் சாப்பாட்டோடு குடிக்கட்டும். வேறு சுவை, வேறு வடிவம் உண்டா என்று உணவியலாளரிடம் கேளுங்கள்.

அரிசிம்பருப்பு பற்றி ஒளிக்காமல் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 50 கிராம் அரிசியில் ஏறக்குறைய 4 கிராம் புரதம், 20 கிராம் துவரம்பருப்பில் இன்னொரு 4 கிராம். ஒரு கிராம் புரதத்துக்கு 50 மில்லிகிராம் ஃபினைல்அலனின் என்று வைத்தால் ஒரு தட்டுக்கு 400. கடுமையான வகையில் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதியே 200 முதல் 500 வரைதான். தடை என்று சொல்வதைவிட இந்த எண் அவளுக்கு அதிகம் சொல்லும்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசியில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதை ஊறவைத்து, அழுத்தினால் நசுங்கும் பதம் வந்ததும் தண்ணீரை முற்றாக வடித்து, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அரிசிம்பருப்புக்குப் போடும் அதே மசாலாவோடு நெய்விட்டுக் கிளறிப் பாருங்கள். வடிக்காமல் விட்டால் களியாகிவிடும். வழக்கமாகப் போடும் நிலக்கடலைப் பொடியை மட்டும் விட்டுவிட வேண்டும். குச்சிக்கிழங்கும் கைகொடுக்கும், அளந்து போட்டால் போதும். 'டயட்' குளிர்பானங்களிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் இருக்கக்கூடிய அஸ்பார்டேம் உடலுக்குள் ஃபினைல்அலனினாகத்தான் உடைகிறது. அதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அம்மாவோ மருத்துவரோ இந்த வயதிலேயே சொல்லிவிட வேண்டும். அவளும் கல்யாணம் செய்து நல்ல குழந்தை பெறலாம். கருத்தரிக்கும் முன்பிருந்தே அளவு 360-க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தையின் மூளையும் இதயமும் பாதிக்கப்படும். "உனக்கெல்லாம் கல்யாணம் ஆகாது" என்று எங்கோ யாரோ சொல்லி, அதை அவள் மனசில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

சின்னவனுக்கு ஒன்பது வயசு, மேப்பிள் சிரப் யூரின் நோய். பெரியவளுக்கு இருபத்திமூணு. மாப்பிள்ளை பார்க்கிறோம். "பையன் விசயத்தை வெளியே விடாதீங்க"ன்னு பங்காளிகள் சொல்றாங்க. என் மச்சினர் பையனுக்கே கொடுத்தர்லாம்னும் பேச்சு ஓடுது. நாங்க கூட்டம் (அப்பா வழிக் குலம்) பார்த்துத்தான் கல்யாணம் பண்ணுனோம், பின்ன எப்படீங்க இந்த நோய் வந்துது? குலதெய்வக் குத்தம்னு எங்கம்மா சொல்றாங்க. சம்சாரத்து வீட்டு ரத்தம்னு தங்கச்சி சொல்லுது.
– வாசகர், காங்கயம்

ரத்தப் பழியை முதலில் தீர்ப்போம். லூசின் போன்ற சில அமினோ அமிலங்களை உடைக்க முடியாத இந்த நோய் வர, அப்பாவிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்றும் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் எதுவுமே தெரியாது. நீங்கள் இருவரும் அப்படித்தான் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள். பங்கு சரிபாதி. உங்கள் தங்கை இதை மீண்டும் சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உங்கள் மனைவி வாய் திறந்தால் அது சண்டையாகப் போய்விடும்.

கூட்டம் பார்ப்பது அப்பா வழியை மட்டுமே பிரிக்கிறது. தாய்மாமன் வீடும் அத்தை வீடும் வேறு கூட்டமாக இருந்தாலும், அமுச்சி அப்புச்சி (அம்மாவின் பெற்றோர்) வழியாக வந்த மரபணு அங்கேயும் இருக்கும். மாமன் மகன் அத்தை மகள் ஜோடி, மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கிறது. அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு. சொந்தமே இல்லாத இருவருக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறக்கலாம். சொந்தத்தில் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே.

இப்போது மச்சினர் பையன். உங்கள் மகளுக்கு நோய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை மரபணு இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. உங்கள் மனைவியிடம் நிச்சயம் இருக்கிறது, அவர் தம்பியிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, தம்பி மகனிடம் கால் வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 24-இல் ஒன்று வரும். நீங்களும் உங்கள் மனைவியும் ஏற்கெனவே சொந்தம் என்றால் இன்னும் கூடலாம்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. சின்னவனின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் எந்த இடத்தில் எந்த மாற்றம் என்று எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். அதை வைத்து மகளுக்கு அந்த மாற்றங்களை மட்டும் ரத்தத்தில் தேடிப் பார்க்கலாம். அவளிடம் இல்லையென்றால் யாரைக் கட்டினாலும் இந்த நோய் பற்றிய கவலை இல்லை. இருந்தால் மாப்பிள்ளைக்கும் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சொந்தத்தில் என்றால். அறிக்கையே இல்லாமல் "பொதுவான டெஸ்ட்" எடுத்தால் பணம் போகும், பதில் வராது. பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் மகளின் முடிவு, பரிசோதனை முடிவும் முதலில் அவளுக்கே தெரிய வேண்டும்.

மறைப்பது பற்றி எங்கள் கருத்து உறுதியானது: கல்யாணத்துக்கு உப்பு ஜவுளி எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால் நோயைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும், அதன் சுமை முழுவதும் உங்கள் மகள் தலையில் விழும். ஆனால் ஜாதகம் கைமாறும் முதல் நாளே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு பக்கமும் மனசு ஒத்துப்போன பிறகு, தரகர் வழியாக அல்லாமல் நேரில் சொல்லுங்கள்: "சின்னவனுக்குப் பிறவியில ஒரு நொதி இல்லீங்க, புரதம் அளந்துதான் கொடுக்கிறோம். தொத்தாது. பொண்ணுக்கு அந்த நோய் இல்லை. அவளுக்குப் பிறக்கிற குழந்தைக்கு வருமான்னு பார்க்க டெஸ்ட் இருக்குது, இதுதான் ரிப்போர்ட்." இவ்வளவு போதும். இதைக் கேட்டுப் பின்வாங்குகிற வீடு, நாளை உங்கள் பேரனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பின்வாங்கும் என்றே நினைக்கிறோம்.

குலதெய்வக் கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். உங்கள் அம்மாவின் மனசு ஆறும். பூசை முடியும்வரை பையனைப் பட்டினி போடுவதும், அன்றைக்கு ஒரு நாள் ஃபார்முலாவை நிறுத்துவதும் மட்டும் கூடாது. பட்டினியில் உடல் தன் தசையையே கரைக்கும், அதிலிருந்து வரும் லூசின் ஏறி மூளை வீங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்பது வயதுப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கும். "இவனாலதான் அக்கா கல்யாணம் தள்ளிப்போகுது" என்பதை அவன் ஏற்கெனவே கேட்டிருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லை என்பதை அக்கா வாயாலேயே அவனிடம் சொல்லச் செய்யுங்கள்.

எனக்கு இருபத்தேழு வயசு. மாசாமாசம் தீட்டுக்கு முன்னாடி தாங்க முடியாத வயித்து வலி. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு நாலு வருசம் "நடிக்கறா"ன்னாங்க. குடல்வால் ஆபரேசன் வரைக்கும் ஆச்சு, மந்திரிச்சும் பார்த்தாச்சு. இப்பத்தான் அக்யூட் போர்ஃபைரியான்னு தெரிஞ்சுது. பேர் தெரிஞ்சும் வீட்டுல நம்பல. எனக்கே பித்துப் பிடிச்சிருமோன்னு பயமா இருக்குது.
– வாசகி, தாராபுரம்

உங்கள் வலி உண்மையானது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமை உடல் தயாரிக்கும் வழியில் ஒரு படி தடைபட்டு, இடையில் தேங்கும் பொருள்கள் வயிற்றைக் கட்டுப்படுத்தும் நரம்புகளைத் தாக்குகின்றன. குடலில் எந்தப் பழுதும் இல்லாததால்தான் ஸ்கேனில் தெரியவில்லை. அந்த நேரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, குழப்பம், சிலருக்கு இல்லாத குரல் கேட்பதுகூட வரலாம். அதுவும் அந்தத் தாக்குதலின் பகுதிதான், அது அடங்கும்போது இதுவும் அடங்கும். பித்து அல்ல.

வீட்டாரை நம்பவைக்கச் சிறந்த சாட்சி ரிப்போர்ட்தான். அடுத்த முறை வலி வந்ததும், வலி இருக்கும்போதே, அப்படித் தேங்கும் பொருள்களில் ஒன்றான போர்ஃபோபிலினோஜனைச் சிறுநீரில் பார்க்கச் சொல்லுங்கள். புட்டியை அலுமினியத் தாளால் சுற்றி வெளிச்சம் படாமல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவு குறைத்துக் காட்டும். வலி நின்று பல நாள் கழித்து எடுத்தால் சிலருக்குச் சாதாரணமாகவே வந்துவிடும், பழையபடி "பார்த்தியா, ஒண்ணுமில்லை" என்ற பேச்சும் தொடங்கிவிடும்.

பட்டினி இந்த நோயைக் கிளப்பிவிடும். சஷ்டி விரதம், பண்ணாரி குண்டத்துக்கு விரதம், எடை குறைக்கச் சோற்றை நிறுத்துவது எதுவும் உங்களுக்கு ஆகாது. மாமியாரிடம் "விரதம் இருந்தா வலி வரும்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காங்க அத்தை" என்று தாளைக் காட்டுங்கள். மதுவும் புகையும் கூடாது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் தொடர்ந்து வந்தால், ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மனநல மருத்துவரிடம் போவது நல்லது, ஆனால் போர்ஃபைரியா என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின், கார்பமசெபின், வால்ப்ரோயேட் போன்றவை தாக்குதலைத் தூண்டும். சல்ஃபா மாத்திரைகளும் அப்படியே. கூடாத மருந்துகளின் பட்டியலைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள். இதோடு சேர்த்து, யூரியா சுழற்சிக் குறைபாடு (அம்மோனியாவை உடல் வெளியேற்ற முடியாத நோய்) உள்ள வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: உங்களுக்கும் வால்ப்ரோயேட் ஆபத்து, அது அம்மோனியாவை ஏற்றும்.

நான் பொள்ளாச்சி பக்கத்துல அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டாம் வகுப்புல ஒரு பையனுக்குப் புரதம் ஆகாத நோய். காலை உணவு, சத்துணவு எதுவும் எடுக்கறதில்லை. பசங்க "முட்டை வேண்டாதவன்"னு கேலி பண்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?
– வாசகி, பொள்ளாச்சி

தனியாக உட்காரவைக்காதீர்கள். வரிசையில் அதே இடத்தில், தன் டப்பாவோடு உட்காரட்டும். முட்டை எடுக்காத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவது நடப்பில் இருக்கிறது. அவனுக்கும் ஆகுமா, எத்தனை கிராம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகும் என்றால் அவனைப் போலப் பழம் எடுப்பவர்கள் நாலு பேர் இருப்பார்கள், கேலி தானாகக் குறையும்.

வகுப்பில் சொல்லும் முன் பையனிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேளுங்கள். அவன் இல்லாத நேரத்தில் சொல்வதைவிட, அவன் இருக்கும்போது ஒரே வரியில் சொல்வது நல்லது: "அவன் உடம்புக்குப் பருப்பும் முட்டையும் சேராது, அவன் சாப்பாடு வேற." நோயின் பெயர், செத்துப்போவான் என்ற பேச்சு எதுவும் வேண்டாம். பிறந்தநாள் மிட்டாய் கொடுக்கும் நாளை முந்தைய நாளே அம்மாவுக்குத் தெரிவியுங்கள். அவனுக்கு ஆகிற மிட்டாயில் பத்துப் பதினைந்து உங்கள் மேசையில் இருக்கட்டும்.

கேலியைவிட நீங்கள் உஷாராக இருக்க வேண்டியது வேறு. வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால், உளறினால், வாந்தி எடுத்தால், "படுத்துக்க, சரியாப் போயிரும்" என்று விடாதீர்கள். உடனே பெற்றோருக்குப் போன் செய்யுங்கள். அவன் விழித்திருந்தால் அவர்கள் தந்து வைத்திருக்கும் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுங்கள். பெற்றோர் வரத் தாமதமானால் 108-க்கு அழையுங்கள். அவசரக் கடிதத்தின் நகல் ஒன்று தலைமையாசிரியர் அறையில், இன்னொன்று உங்கள் வருகைப் பதிவேட்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் விடுப்பில் போகும் நாளில் வகுப்பைப் பார்ப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஃபார்முலா வாங்கியே தோட்டத்துல பாதி போயிருச்சுங்க. யாருகிட்டயும் கேக்கவும் கூச்சமா இருக்குது. அரசு உதவி ஏதாச்சும் உண்டுங்களா?
– வாசகர், பரமத்தி வேலூர்

உண்டு. மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. அதில் சிறப்பு உணவு ஃபார்முலாவால் சமாளிக்கக்கூடிய நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பினைல்கீட்டோன்யூரியா, மேப்பிள் சிரப் யூரின் நோய், யூரியா சுழற்சிக் குறைபாடுகள், புரொப்பியோனிக் அமில நோய் போன்றவை அதில் வரும். அங்கீகரித்த சிறப்பு மையம் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி அனுமதிக்கலாம். பணம் உங்கள் கைக்கு வராது, மையத்துக்குப் போகும். உங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் பெங்களூரு மனித மரபியல் மையம் அந்தப் பட்டியலில் உள்ளது. நோயை உறுதி செய்த அறிக்கை, மருத்துவரின் சிகிச்சைத் திட்டம், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இன்ஷியல் மாறியிருந்தால் அங்கேயே கோப்பு நின்றுவிடக்கூடும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வளர்சிதை மாற்ற நோய்கள் பெயர் சொல்லி இல்லை. ஆனால் நோயால் அறிவுத்திறன் குறைபாடோ பெருமூளை வாதமோ வந்திருந்தால் அதன் பேரில் அடையாள அட்டை பெறலாம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் தொடங்குங்கள். மீதித் தோட்டத்துக்குக் கிரயப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், இந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.